நாவலை எழுதியவரே அச்சேற்றி விற்கிற ஊரில்

யாழ்ப்பாணத்தில் நாவல் எழுதுகிற ஒருவர் பெரும்பாலும் அதன் பதிப்பாளராகவும் ஆகிவிடுகிறார். பிரதியை வாங்கிச் செம்மைப்படுத்தி, அச்சிட்டு, கடைகளுக்கு அனுப்பி, உரிமைத்தொகையும் தருகிற பதிப்பகம் இங்கே அருமை. அச்சகம் இருக்கிறது, புத்தகசாலை இருக்கிறது, வெளியீட்டுக்கு மண்டபமும் இருக்கிறது. இவற்றுக்கு நடுவிலுள்ள வேலை முழுவதும் எழுதியவர் தலையில்தான். அந்த வேலைக்குப் போகவேண்டிய காசும் காலமும் ஒரேயொரு விழா நாளுக்குப் போய்ச் சேர்கிறது. நல்ல நாவல்கள் பல முதல் 300 பிரதியோடு நின்றுபோவதற்கு எழுத்தின் பலவீனத்தைவிட இதுதான் பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன். ஆகவே எழுதுகிற மேசையிலிருந்து வாசகரின் கை வரைக்கும், எங்கே எதைச் செலவழிக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் அளவு. டெமி அளவுப் பக்கத்தில், அதாவது ஐந்தரைக்கு எட்டரை அங்குலப் பக்கத்தில், 11 அல்லது 12 புள்ளி எழுத்தில் 30 வரி வைத்தால் ஏறக்குறைய 200 முதல் 220 தமிழ்ச் சொற்கள் கொள்ளும். 50,000 சொல் நாவல் 240 பக்கத்துக்குக் கிட்ட வரும். வேலைக்குப் போகிற ஒருவர் நாளுக்கு 400 சொல், கிழமைக்கு 5 நாள் என்று வைத்தால், ஆறு மாதத்தில் முதல் வரைவு முடியும். இங்கே பலர் இன்னும் சி.ஆர். கொப்பி என்கிற தடித்த அட்டைக் குறிப்பேட்டில்தான் எழுதுகிறார்கள். அது நல்ல பழக்கம்தான். ஆனால் வலப்பக்கத்தில் மட்டும் எழுதி, இடப்பக்கத்தை வெறுமையாக விட வேண்டும். திருத்தமும் சேர்க்கையும் அந்த இடப்பக்கத்துக்கு வரும். கைப்பேசியில் சொல்லி எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: குரல் தட்டச்சில் இலங்கைத் தமிழைத் தெரிவுசெய்தாலும், அது பேச்சு வழக்கைத் தனக்குத் தெரிந்த பொதுத்தமிழுக்கு இழுத்துக்கொண்டு போகும். "வந்திட்டுப் போறன்" என்று சொன்னது எழுத்தில் வேறொன்றாக நிற்கும். விவரணையைச் சொல்லி எழுதலாம், உரையாடலைக் கையால்தான் தட்ட வேண்டும்.

யார் எழுத்தின் பாதிப்பு என்ற பேச்சு வந்தால் நாங்கள் உடனே பெரிய பெயர்களை அடுக்கத் தொடங்குவோம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, எங்கள் நாவல் எந்தச் சூழலில் வளர்ந்தது என்பது. 1970களின் தொடக்கத்தில் இந்திய வணிகச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, உள்ளூர் எழுத்துக்கு ஒரு சந்தை திறந்தது. வீரகேசரிப் பத்திரிகையின் பிரசுரமாக ஈழத்து நாவல்கள் வரிசையாக வெளிவந்தது அந்தப் பத்தாண்டில்தான். அதற்கு முன்னரே, 1966இல், கஸ்தூரியார் வீதியிலிருந்த சலூனில் தொழில் செய்துகொண்டே எழுத்தாளர் டொமினிக் ஜீவா மல்லிகை என்ற இலக்கிய இதழைத் தொடங்கிவிட்டார். இதழைக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்களைத் தேடிப் போய் அவரே விற்றார். எழுதியதைத் தானே சுமந்து விற்பது தரக்குறைவான வேலை என்று நினைக்கிற இளையவர்கள் அந்த வரலாற்றை வாசிக்க வேண்டும்.

இன்றைய பாதிப்பில் எனக்குக் கவலை தருவது ஒன்று உண்டு. தமிழகச் சினிமாவும் தொடரும் காதில் விழுந்து விழுந்து, யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் ஊர்த் தாயின் வாயில் "சொல்லிட்டு வா" என்று வந்துவிடுகிறது. அவர் "சொல்லிப்போட்டு வா" என்றல்லவா சொல்வார். யாழ்ப்பாணத்துக்குள்ளேயே வடமராட்சிக்கும் தீவுப்பகுதிக்கும் வலிகாமத்துக்கும் பேச்சில் வேறுபாடு இருக்கிறது. ஊர், வயது, தொழில், சாதி எல்லாம் அந்தப் பேச்சில் கேட்கும். உரையாடல் எழுதி முடித்ததும் அந்த ஊர்க்காரர் ஒருவரைச் சத்தமாக வாசிக்கச் செய்ய வேண்டும். அவர் நாக்கு எங்கே தயங்குகிறதோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். வேறு சோதனை தேவையில்லை.

தகவல் சரிபார்ப்பு இதைவிடக் கடினம். ஏனென்றால் போர்க்காலத்தைப் பற்றி எழுதும்போது, அதை வாழ்ந்தவர்கள்தான் உங்கள் முதல் வாசகர்கள். 1993இல் யாழ்ப்பாண வீடொன்றில் மின்விசிறி சுழன்றால் அவர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். அப்போது மின்சாரம் இல்லை, ஜாம் போத்தலில் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் வைத்த விளக்குத்தான். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம். கோடு போட்ட கொப்பித் தாளிலும் பத்திரிகை அச்சான காலம்.

ஒரு காட்சியை எடுத்துக் காட்டுகிறேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் நாவற்குழி, கைதடிப் பக்கம் நகர்ந்த இடப்பெயர்வை எழுதுகிறீர்கள் என்று வைப்போம். வானத்தில் என்ன இருந்தது? அதே மாதம் 24ஆம் திகதி சூரிய கிரகணம், அதாவது அமாவாசை. ஆகவே 30ஆம் திகதி வளர்பிறை அரைநிலா. அரைநிலா நடுச்சாமத்தை ஒட்டி மறைந்துவிடும். முழுநிலவொளியில் சனம் நடந்ததாக எழுதினால் அது பிழை. விடியற்புறத்தில் நிலா நின்றதாக எழுதினாலும் பிழை. அத்தோடு அன்று மழையில் நனைந்து நடந்ததைச் சொல்லாத ஆளில்லை. மேகத்துக்குப் பின்னால் அரைநிலா, அதுவும் மறைந்த பிறகு கும்மிருட்டு, நகராத கூட்டம். பஞ்சாங்கத்தைப் புரட்டிக் கண்டுபிடித்த இந்த ஒரு விவரம், காட்சியில் யார் யாரைத் தவறவிட்டார்கள், எத்தனை மணிக்குத் தவறவிட்டார்கள் என்பதையே மாற்றிவிடும். இப்படித் தேடுவதற்குப் பழைய பத்திரிகைகளும் மலர்களும் நூலகம் இணையத்தளத்தில் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. 1981இல் பொது நூலகத்தோடு 97,000 வரையான நூல்களை எரியக் கொடுத்த ஊருக்கு அது எவ்வளவு பெரிய கொடை என்பதை நாவலாசிரியர்கள் அறிந்து பயன்படுத்த வேண்டும். கோயில் திருவிழா மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், கல்வெட்டு என்று நாங்கள் சொல்கிற அந்தியேட்டி நினைவு மலர் ஆகியவற்றில் கிடைக்கிற ஊர்ப்பெயர்களும் உறவுமுறைகளும் விளம்பரங்களும் வேறெங்கும் கிடைக்காது.

வரைவு முடிந்ததும் அதை ஒரு மாதம் ஒதுக்கி வையுங்கள். பிறகு செம்மையாக்கம். இதற்குக் காசு கொடுக்க எங்களுக்கு மனம் வருவதில்லை. நண்பரான ஆசிரியர் ஒருவரிடம் கொடுப்போம், அவர் ஒற்றுப்பிழை திருத்தித் தருவார். அது மெய்ப்புப் பார்த்தல். செம்மையாக்கம் என்பது 7ஆம் அத்தியாயம் வேண்டாம் என்று சொல்வது, அண்ணனுக்கு முதலில் 24 வயது, இரண்டு வருசத்துக்குப் பிறகும் 24 வயது என்று கண்டுபிடிப்பது. இதற்கு உறவினரல்லாத, நாவல் நிறைய வாசித்த ஒருவர் வேண்டும். அவருக்கு ஊதியம் பேசி, எட்டுக் கிழமை கொடுங்கள். மண்டப அலங்காரத்துக்கும் பொன்னாடைக்கும் போகிற காசு பெரும்பாலும் இதற்குப் போதும்.

எழுத்துக்கூட்டலுக்கு ஒரு சொற்பட்டியல் எழுதி மேசையில் ஒட்ட வேண்டும். "எண்டு" என்றால் கடைசிப் பக்கம் வரைக்கும் "எண்டு". ஓரிடத்தில் "என்டு", இன்னோரிடத்தில் "என்று" என்றால் வாசகருக்கு அது பாத்திரத்தின் பேச்சாக விழாது, அச்சுப்பிழையாகத்தான் விழும். "இஞ்சை", "வாறன்", "அவையள்", "ரிக்கற்", "பஸ்" எல்லாவற்றுக்கும் இப்படியே. நாவலுக்கு 60, 70 சொல் வரும். இந்தப் பட்டியலை மெய்ப்புப் பார்ப்பவரிடம் கொடுக்காவிட்டால், அவர் நல்லெண்ணத்தில் பாதியைத் "திருத்தி" விடுவார்.

இனி அச்சகம். பிழைகளில் பெரும்பகுதி உண்டாகும் இடம் இதுதான்.

நீங்கள் யுனிகோட்டில் எழுதுகிறீர்கள். பல அச்சகங்களில் பக்கம் கட்டுவது இன்னும் யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில். இடையில் ஒன்றை மற்றதாக மாற்றுகிற மென்பொருள், அதாவது ஒரு மாற்றி. பாமினியில் ஆங்கில விசைப்பலகையின் கமா விசையைத் தட்டினால் வருவது "இ". கமா வேண்டுமென்றால் ">" விசையைத் தட்ட வேண்டும். மாற்றி கமாவைச் சரியாகக் கையாளாவிட்டால், "அம்மா, அப்பா, தங்கச்சி" என்று நீங்கள் எழுதியது "அம்மாஇ அப்பாஇ தங்கச்சி" என்று அச்சாகும். எங்கள் பத்திரிகைகளிலும் இணையத்திலும் இந்த "இ"யைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால், மெய்ப்பிலும் கண் அதைத் தாண்டிப் போய்விடும். மேற்கோள் குறி, மூன்று புள்ளி, ஸ்ரீ, ஆங்கிலச் சொற்கள், இலக்கங்களை ஒட்டிய அடையாளங்கள் எல்லாமே இந்த மாற்றத்தில் அடிபடும். முடிந்தால் யுனிகோட்டிலேயே பக்கம் கட்டுகிற இடத்தைத் தேடுங்கள். இன்டிசைன் என்ற பக்கம் கட்டும் மென்பொருளில் கட்டுவதாக இருந்தால், பந்தி அமைப்பில் வேர்ல்ட்ரெடி கொம்போசர் (World-Ready Composer) தெரிவுசெய்யப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். மாற்றிக்குப் போகாமல் தப்ப வழியில்லையென்றால், முழு நாவலையும் கொடுப்பதற்கு முன் எல்லா எழுத்தும் குறியும் வருகிற 2 பக்கச் சோதனைக் கோப்பு ஒன்றைக் கொடுத்து அச்செடுத்துப் பாருங்கள்.

மெய்ப்பை இரண்டு முறை தாளில் பார்க்க வேண்டும். கணினித் திரையிலும் கைப்பேசி பி.டி.எவ்.பிலும் பார்ப்பது போதாது. முதல் முறை மூலத்தோடு ஒப்பிட்டு, ஒருவர் வாசிக்க மற்றவர் பார்க்க வேண்டும். இரண்டாம் முறை திருத்தங்கள் ஏறியிருக்கின்றனவா என்று மட்டும் பார்க்காமல், திருத்திய பந்தி முழுவதையும் அடுத்த பந்தியின் தொடக்கத்தையும் வாசிக்க வேண்டும். ஒரு சொல்லைத் திருத்தும்போது வரி நகர்ந்து, அத்தியாயத்தின் கடைசி வரி தனியாக அடுத்த பக்கத்துக்குப் போவது வழமை. நீண்ட சொல்லை வரிமுடிவில் உடைத்த இடங்களையும் பாருங்கள். புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக் கூடாது.

பக்கத்தொகை 16இன் மடங்காக வந்தால் தாள் வீணாகாது. 243 பக்கம் வந்தால் 240க்குச் சுருக்குங்கள், அல்லது 256க்கு விரியுங்கள். உள்தாள் 70 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீற்றர் தாளின் கிராம் எடை), பழுப்பு கலந்த வெள்ளை. பளிச்சென்ற வெள்ளைத்தாள் நாவலுக்குக் கண்ணை உறுத்தும். 240 பக்கம் என்றால் 120 தாள். முதுகின் தடிப்பு 11 முதல் 12 மி.மீ. வரும். இதைக் கணக்கில் மட்டும் நம்பி அட்டையை வடிவமைக்காமல், அதே தாளில் வெற்றுப் புத்தகம் ஒன்றைக் கட்டித் தரச் சொல்லி அளந்துகொள்ளுங்கள். 2 மி.மீ. தவறினாலே முதுகிலுள்ள பெயர் முன்னட்டைக்கு வழிந்துவிடும்.

கட்டுமானத்தில் கேட்க வேண்டியவை இரண்டு. தாளின் நார் முதுகுக்குச் சமாந்தரமாக ஓடுகிறதா? குறுக்காக ஓடினால் புத்தகம் விரிந்து நிற்காது, மழைக்காலத்தில் பக்கங்கள் அலையடிக்கும். தாளை இரண்டு திசையிலும் வளைத்துப் பார்த்தால், இலகுவாக வளையும்போது மடிப்புக் கோடு போகிற திசைதான் நார் ஓடும் திசை. அடுத்தது, ஒட்டுவதா தைப்பதா. 250 பக்கத்துக்கு மேலென்றால் நூல் தைத்துக் கட்டுவதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். வெறும் சூட்டுப்பசையில் ஒட்டியதை வாசகர் இரண்டாக மடித்துப் பிடித்தால் நடுப்பக்கம் கையோடு வரும். அட்டைக்கு 300 ஜி.எஸ்.எம். ஆட் போட் என்கிற தடித்த தாளும், பளபளப்பில்லாத மற் லமினேற்றும் அழகுதான். ஆனால் ஒரு பக்கம் மட்டும் லமினேற் போட்ட அட்டை, கார்த்திகை மாரியில் உள்பக்கத்தால் ஈரத்தை உறிஞ்சி வெளிப்புறமாகச் சுருளும். கட்டி முடித்த பிரதிகளை இரண்டு நாள் பாரம் வைத்து அமர்த்திய பிறகு எடுத்துவரச் சொல்லுங்கள். வீட்டில் சீமெந்து நிலத்தில் பெட்டியை வைக்காதீர்கள். ஈரமும் கறையானும் கீழிருந்துதான் ஏறும்.

நூலை உலகளவில் அடையாளம் காட்டுகிற ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை வழங்குகிறது. இலங்கை எண்கள் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். அட்டை முடிவதற்கு முன்னரே விண்ணப்பிக்க வேண்டும். கிடைத்த எண்ணை உள்பக்கத்திலும் பின்னட்டையிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். 13 இலக்கங்களையும் ஒன்றுவிட்டு ஒன்றாக 1ஆலும் 3ஆலும் பெருக்கிக் கூட்டினால், மொத்தம் 10ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் எங்கோ ஓர் இலக்கம் பிசகியிருக்கிறது. பதிப்பாண்டையும் யோசித்துப் போடுங்கள். பரிசுத் தெரிவுகளில் நூல் வெளிவந்த ஆண்டையே பார்ப்பார்கள். டிசம்பர் கடைசியில் அச்சான நூல், யாரும் வாசிப்பதற்கு முன்னரே "சென்ற ஆண்டு நூல்" ஆகிவிடும்.

எத்தனை பிரதி? 300க்குக் கீழே டிஜிற்றல் அச்சு, 500க்கு மேலே தகடு செய்து அடிக்கிற ஓப்செற் அச்சு என்பது பொதுவாகக் கட்டுபடியாகும். இடையில் இரண்டுக்கும் விலை கேட்டுப் பாருங்கள். முதல் நாவலுக்கு 300 போதும். 1000 அடித்தால் ஒரு பிரதியின் செலவு குறையும் என்ற கணக்கு சரிதான், ஆனால் விற்காத 600 பிரதியின் செலவு அந்தக் கணக்கில் இல்லை. விலையை அடக்கச் செலவின் இரண்டரை மடங்குக்குக் குறையாமல் வையுங்கள். அடக்கம் 500 ரூபா, விலை 1,250 என்றால், கடைக்கு 35 சதவீதம் கழிவு கொடுத்த பிறகு 812 கிடைக்கும். அதில் பார்சல் செலவும், இலவசப் பிரதிகளின் செலவும் போக வேண்டும். விலையை 800 என்று வைத்தால் கடையில் விற்கிற ஒவ்வொரு பிரதிக்கும் 520தான் வரும். பார்சலோடு கை நட்டம்.

வெளியீட்டு விழாவுக்கு நான் எதிரியல்ல. மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், வெளியீட்டுரை, ஆய்வுரை, ஏற்புரை என்று அது எங்கள் ஊரின் ஒரு வழமை. முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று பெயர் கூப்பிட, உறவும் நட்பும் மேடைக்கு வந்து என்வலப்பைக் கொடுத்துப் புத்தகத்தை வாங்குவதில் உண்மையான அன்பு இருக்கிறது. பல நாவல்களின் அச்சுச் செலவு அந்த என்வலப்புகளில்தான் மீள்கிறது. மீண்டதும் எழுதியவர் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவதுதான் கெடுதல். என்வலப்போடு போன பிரதிகளில் பல கண்ணாடி அலுமாரிக்குப் போகின்றன. ஆகவே ஆய்வுரையாளருக்கு ஒரு மாதம் முன்னரே பிரதி கொடுங்கள். முந்தின நாள் கொடுத்தால் அவர் முன்னுரையைத்தான் ஆய்வார். பேச்சாளர் 4 பேருக்கு மேல் வேண்டாம். நாவலிலிருந்து 5 நிமிடம் ஒரு பகுதியை வாசியுங்கள். எங்கள் வெளியீடுகளில் நூலைத் தவிர எல்லாம் கேட்கும், இந்த ஒன்றை மாற்றினாலே பெரிய காரியம். நாளைத் தேர்வதில், நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டு உறவுகள் ஊரில் நிற்பார்கள். ஆனால் மாலைப்பொழுது கோயிலுக்குரியது. அந்த நாட்களில் ஞாயிறு காலை 10 மணி பொருந்தும்.

அடுத்த மூன்று மாதம்தான் நாவலுக்குரிய காலம். ஒவ்வொரு ஊரிலும் சனசமூக நிலையம் இருக்கிறது, அதோடு வாசிகசாலையும் இருக்கிறது. நாவல் நடக்கிற ஊரின் வாசிகசாலையில் 15 பேரை வைத்து ஒரு மாலை கதைப்பது, நகர மண்டபத்தில் 150 பேருக்கு நடத்துகிற விழாவைவிடப் பயன் தரும். இரண்டு கிழமைக்கு முன் 3 பிரதிகளை அங்கே வைத்துவிட வேண்டும். அப்போதுதான் வாசித்தவர்கள் வந்து "அந்தக் கிணறு அந்தப் பக்கமில்லைத் தம்பி" என்று சண்டை பிடிப்பார்கள். அந்தச் சண்டையிலிருந்துதான் அடுத்த 20 பிரதி விற்கும். ஜீவநதி, ஞானம், கலைமுகம் போன்ற சஞ்சிகைகளுக்கும் ஞாயிறு இதழ்களுக்கும் விமர்சனப் பிரதி அனுப்பும்போது, ஆசிரியர் குறிப்பையும் அட்டைப்படத்தையும் கிடைக்கும் இடத்தையும் ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். முகநூலில் "கிடைக்கிறது" என்று பத்து முறை அறிவிப்பதைவிட, நல்ல ஒரு பந்தியைப் படமாக்கிப் போட்டு, கீழே விலையும் வட்சப் தொடர்பும் கொடுப்பது வேலை செய்யும். கடைகளில் 5 பிரதிக்கு மேல் ஒரே தடவையில் கொடுக்க வேண்டாம். கொடுத்த திகதி, தொகை, கழிவு, கையொப்பம் எல்லாவற்றையும் துண்டில் எழுதி வாங்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் போய்க் கணக்குப் பாருங்கள். கேட்காத காசு வராது.

புலம்பெயர்ந்த வாசகருக்கு அனுப்புவதில் எடைதான் பிரச்சினை. 240 பக்க டெமி நாவல் ஏறக்குறைய 275 கிராம். 23 கிலோப் பெட்டியில் 80 பிரதி போகும், ஆனால் ரொறன்ரோ போகிற எந்தச் சொந்தக்காரரும் கருவாட்டையும் மிளகாய்த்தூளையும் விட்டுவிட்டு அதைக் கொண்டுபோக மாட்டார். ஆளுக்கு 10 பிரதி கேட்கலாம், அது 2.75 கிலோ. மற்றவர்களுக்கு அமேசனின் மின்னூல் தளமான கிண்டில். தமிழை அது ஏற்கும், ஆனால் பி.டி.எவ்.பை ஏற்றாமல் யுனிகோட் ஈபப் மின்னூல் கோப்பை ஏற்றுங்கள். இல்லையென்றால் எழுத்தைப் பெரிதாக்க முடியாது, மூத்த வாசகர்கள் கைவிட்டுவிடுவார்கள். ஒரு விடயத்தைக் கவனியுங்கள்: கிண்டில் செலக்ற் திட்டத்தில் சேர்ந்தால், 90 நாளுக்கு மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. அந்த நேரத்தில் நூலகம் தளத்திலும் அதே நாவல் ஏறினால் அது ஒப்பந்த மீறல். முதலில் கிண்டில், ஒன்றிரண்டு வருசம் கழித்துத் திட்டத்திலிருந்து விலகி, நூலகத்துக்கு எழுத்தில் அனுமதி என்ற ஒழுங்கு எனக்கு நியாயமாகப் படுகிறது. இலங்கைச் சட்டப்படி உரிமை எழுதியவருக்கு வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டும் உண்டு. ஆகவே அனுமதிக் கடிதத்தில் எந்தப் பதிப்பு, எந்த வடிவம் என்று தெளிவாக எழுதுங்கள்.

கடைசியாக அச்சகத்துக் கோப்பு. காசைக் கட்டி முடிக்கும்போதே பக்கம் கட்டிய மூலக் கோப்பையும் எழுத்துருக்களையும் அடுக்கு குலையாத அட்டைக் கோப்பையும் கேட்டு வாங்கி, இரண்டு இடத்தில் சேமியுங்கள். பி.டி.எவ். மட்டும் கையிலிருந்தால் இரண்டாம் பதிப்பில் ஒரு புள்ளியைத் திருத்துவதே பெரும்பாடு, 240 பக்கத்தையும் மீண்டும் கட்ட வேண்டி வரலாம். உங்கள் சொந்தப் பிரதி ஒன்றில், வாசகர்கள் காட்டுகிற பிழைகளைப் பக்க எண்ணோடு சிவப்பு மையில் குறித்துக்கொண்டே வாருங்கள். இரண்டாம் பதிப்புக்கு அச்சகம் போகும்போது அந்தப் பிரதியையே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.